ஊர்மக்கள் மட்டும்

செங்கழனிப்பாக்கத்துக் கவிதாவுக்கு வாய் ஜாஸ்தி என்று சொல்லாத ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. சிலர் அதைத் திட்டாகச் சொல்வார்கள், பலர் பெருமையாகச் சொல்வார்கள். திண்டிவனத்திலிருந்து வரும் பஸ் ரெண்டு மாசமாக உள்ளே வராமல் மெயின் ரோட்டிலேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்தபோது, பஸ்ஸுக்குக் குறுக்கே நின்று டிரைவரையே கீழே இறங்க வைத்தவள் அவள். ரேஷனில் புழுத்த அரிசி வந்தது என்று ஒருதரம் அதை முந்தானையில் கட்டிக்கொண்டு போய் அதிகாரியின் மேஜைமேல் கொட்டிவிட்டு, “இத்த நீங்க ஒருவேள சாப்ட்டுக் காட்டுங்க சார், நான் எழுந்து போறேன்” என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவளும் அவள்தான். கெடார் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் நிமிர்ந்துகூடப் பார்க்காத பெண்ணாக இருந்தாள் என்று புருஷன் வேங்கடேசன் சத்தியம் செய்வான். யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த வாய்தான் ஒரே ஒரு விஷயத்தில் ஆறு வாரம் இறுக மூடிக் கிடந்தது. அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால் அதற்கும் வழியில்லை, செய்தது அவளே.

விஷயம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஆரம்பித்தது. அரசு மேல்நிலைப்பள்ளி ஊருக்கும் காலனிக்கும் நடுவில், தார் ரோட்டை ஒட்டி இருக்கிறது. பள்ளிக்கூடத்தைவிட மைதானம் பெரிசு. ஓடுவதற்குக் கோடு போட்ட தரை, கைப்பந்துக் கம்பம், ஒரு மூலையில் நீளம் தாண்டுவதற்கு மணல் கொட்டிய குழி, குழிக்கு முன்னால் வெள்ளையடித்த பலகை. சுத்துப்பட்டு எட்டு கிராமத்தில் இந்த மாதிரி ஒரு குழி வேறெங்கும் இல்லை. இவ்வளவும் இருந்து, சாயங்காலம் மணி அடித்ததும் இரும்புக் கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

கவிதாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். எங்கே நடப்பது? ரோட்டில் நடந்தால் கல்குவாரி லாரி காதை உரசிக்கொண்டு போகிறது. வரப்பில் நடந்தால், ‘கவிதாவுக்கு இன்னா ஆச்சு, சும்மா சும்மா நடந்துக்கினு இருக்குது’ என்று பேச்சு. வீட்டில் மகள் அஸ்வினி வேறு. டிகிரி முடித்துவிட்டுப் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணியிருந்தாள். அடுத்தது விழுப்புரத்தில் உடல்தகுதித் தேர்வு. ஓடவேண்டும், தாண்டவேண்டும், குண்டு எறியவேண்டும். அதற்கெல்லாம் இடம் வேண்டுமே. மகன் அதே பள்ளியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்ததால் கவிதாதான் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி. மாதக் கூட்டத்தில் எழுந்தாள்.

“பூட்டி வெச்ச கிரவுண்டால யாருக்கு லாபம் மேடம்? கவர்மெண்டு ஸ்கூலு, நம்ம ஸ்கூலு. சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் ஜனங்களுக்குத் தொறந்து உடுங்க.”

தலைமையாசிரியை புனிதா விழுப்புரத்துக்காரர். நிதானமானவர். “திறக்கலாம்மா. போன வருஷம் சுவரேறி வந்தவங்க என்ன பண்ணாங்கன்னு மறந்துட்டீங்களா? எங்கெங்கேயோ இருந்து பைக்ல வந்து, பாட்டிலை உடைச்சுப் போட்டுட்டுப் போனாங்க. காலையில பிள்ளைங்க கால்ல கண்ணாடி ஏறிச்சு.”

“அதுக்குத்தான் ஒரு போர்டு வெச்சுடலாம்ன்றேன். ஊர்மக்கள் மட்டும், வெளியாளு வரக்கூடாதுன்னு.”

புனிதா தீர்மானப் புத்தகத்தில் எழுதப்போன பேனாவை நிறுத்தினார். “கிராம மக்கள்னு போட்டுடட்டுமா?”

“ஊர்மக்கள்னே போடுங்க மேடம். அதான் எங்காளுங்களுக்குப் பட்டுனு புரியும்.”

பட்டென்று புரிந்துதான் தொலைத்தது. பஞ்சாயத்துக் கணக்கில் செங்கழனிப்பாக்கம் ஒரே கிராமம். ஆனால் வாயில் வரும்போது ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. ‘காலனியில களைக்கு ஆள் இருக்குதா’ என்று ஊர்க்காரர் கேட்பார். ‘ஊருக்குள்ள போய்ட்டு வர்றேன்’ என்று காலனிக்காரர் கிளம்புவார். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து எல்லார் வாயிலும் ஏறிப்போன பேச்சு அது. கவிதா அன்றைக்கு மனசில் வைத்திருந்தது திண்டிவனத்து பைக் பையன்களைத்தான். சத்தியமாக அவ்வளவுதான். அதே குழுவில் காலனிக்கு ஓர் உறுப்பினர் இருந்தாள், சவுரியம்மாள். அவள் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் அந்த வார்த்தையைக் கேட்டதுமே நிறுத்தியிருப்பாள். அவள் அன்றைக்கு வரவில்லை. கவிதாவின் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தாள். ‘களை தலைக்கு மேல போய்ட்ச்சு, கூட்டத்த நான் பாத்துக்கிறேன், நீ கொல்லையப் பாரு’ என்று அனுப்பி வைத்தவளும் கவிதாதான்.

போர்டு வந்தது. சாவி தாண்டவராயனிடம் போனது. தாண்டவராயன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவர், வேங்கடேசனுக்குப் பெரியப்பா முறை. முப்பது வருஷம் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் போர்டை நம்பியே வாழ்ந்த மனுஷர். எழுதியிருந்தால் எழுதியிருந்ததுதான், அதற்கு மேல் கடவுளே வந்தாலும் டிக்கெட் கிடையாது.

முதல் வாரம் கவிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் பாதிப்பேர் மைதானத்தில்தான் இருந்தார்கள். முட்டி வலிக்காரர்கள் நடந்தார்கள், பையன்கள் கைப்பந்து ஆடினார்கள், அஸ்வினி ஓடினாள். ‘எல்லாம் கவிதாவால’ என்று எதிரே வருகிற ஒவ்வொருத்தரும் சொல்லிவிட்டுப் போனார்கள். நாலு பெண்களை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு ஊர்வலம் போகிற மாதிரி நடந்தாள்.

ரெண்டாவது வாரம் திங்கட்கிழமை சவுரியம்மாளின் மகள் ஆரோக்கியசெல்வி கேட்டுக்கு வந்தாள். செல்வியும் அஸ்வினியும் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அதே பள்ளியில் ஒரே வகுப்பு. அவளும் எழுத்துத் தேர்வு பாஸ், அவளுக்கும் விழுப்புரத்தில் அதே நாள். பள்ளி விளையாட்டு விழாவில் நீளம் தாண்டுவதில் ஏழு வருஷமும் முதல் பரிசு அவளுக்குத்தான், அஸ்வினி ரெண்டாவதோ மூணாவதோ.

“எங்கம்மா வந்த?” என்றார் தாண்டவராயன்.

“பிராக்டீசுக்கு, தாத்தா. போலீஸ் செலக்‌ஷன் வருது.”

“போர்டப் பாத்தியா?”

“பாத்தேனே. ஊர்மக்கள்னு இருக்குது.”

“நீ ஊரா?”

செல்வி உள்ளே தெரிந்த வகுப்பறைகளைக் கை காட்டினாள். “இதே ஸ்கூல்லதான் தாத்தா நான் ஏழு வருஷம் படிச்சேன்.”

“படிச்சது ஸ்கூல் டயத்துல. இது ஊர் டயம். நான் இன்னாம்மா பண்றது, எழுதிப் போட்டிருக்குது. கமிட்டில சொல்லி மாத்தி எழுதிக்கினு வா, தாராளமா தொறந்து உடறேன்.”

அவர் கத்தவில்லை, விரட்டவில்லை. பஸ் மாறி ஏறின பயணியை இறக்கி விடுகிற தோரணையில் சொன்னார். செல்வி ஷூவைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். மைதானத்தின் அந்தக் கோடியில் நடந்துகொண்டிருந்த கவிதா இதைப் பார்த்தாள். பேச்சு காதில் விழவில்லை. ஆனால் என்ன நடந்திருக்கும் என்று புரியாமலிருக்க அவள் என்ன பச்சைக் குழந்தையா? பக்கத்தில் வந்த பெண் ஏதோ சீரியல் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கவிதா ‘ம்’ கொட்டிக்கொண்டே அடுத்த சுற்றுக்குத் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் அஸ்வினி பிடித்துக்கொண்டாள். “யம்மா, செல்விய உள்ள உடல. நீ எழுதினியே போர்டு, அதான் காரணமாம். இன்னாம்மா இது?”

கவிதா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அடக் கடவுளே, நான் அப்டி நெனச்சாடி எழுதினேன்? நாளைக்கே மேடம்கிட்ட சொல்றேன். ஒரு வார்த்த, ஜல்தியா முடிஞ்சிடும்.”

மறுநாள் இரும்பை ஊர்க் கோயிலில் உறவுக்காரர் கல்யாணம். அதற்கடுத்த நாள் சாயங்காலம் கேட்டில் தாண்டவராயனே மறித்துக்கொண்டு, “நீ எழுதிப்போட்ட போர்டாலதாம்மா கிரவுண்டு ஒழுங்கா இருக்குது. இல்லன்னா பேஜாரா பூடும்” என்றார். கூட நடந்த பெண்கள் அதற்குத் தலையாட்டினார்கள். ஒருத்தி இன்னும் ஒரு படி மேலே போய், “ஒருத்திய உட்டா அதுங்க எல்லாம் வந்துடும்” என்றாள். மாமனார் முறை ஆள், பழகின பெண்கள். இவர்களுக்கு எதிரில் காலனிக்காக வாயைத் திறந்தால் நாளைக்குத் தன்னோடு யார் நடப்பார்கள் என்று கவிதாவுக்குத் தோன்றியது. அதிகாரி மேஜையில் அரிசி கொட்டினவளுக்கு இந்த நாலு பேர் முன்னால் நாக்கு எழவில்லை. அதிகாரி நாளைக்கு வேற இடத்துக்கு மாற்றலாகிப் போய்விடுவார். இவர்கள் எங்கே போவார்கள்?

அதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். அன்றைக்கு அஸ்வினி குழியில் தாண்டுவதைக் கவிதா ஓரமாக நின்று பார்த்தாள். பலகையில் கால் சரியாகத்தான் விழுந்தது, தூரம்தான் போதவில்லை. செல்வியாக இருந்தால் இந்நேரம் குழியின் பாதியைத் தாண்டியிருப்பாள் என்று நினைத்தாள். பிறகு, அவள் வராவிட்டால் இவளுக்குக் கொஞ்சம் வழி கிடைக்குமோ என்று நினைத்தாள். அப்படி ஒரு நினைப்பு வந்ததே! யாரோ பார்த்துவிட்ட மாதிரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ நூறு இடங்களுக்கு நடக்கிற தேர்வு. செல்வி ஒருத்தி வராமல் போனால் அஸ்வினிக்கு ஒரு மார்க்கும் கூடப் போவதில்லை. பெற்றவள் மனசு அந்தக் கணக்கெல்லாம் போடவில்லை.

வியாழக்கிழமை கொல்லையில் சவுரியம்மாள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். கவிதாவைவிட ஐந்தாறு வயசு மூத்தவள். ஆனாலும் கவிதா அவளை ‘நீ’ என்பாள், அவள் கவிதாவை ‘நீங்க’ என்பாள். அங்கே வழக்கம் அப்படி.

“அஸ்வினிம்மா, நம்ம செல்விய கேட்டுல நிறுத்திட்டாங்களாமே. நீங்க தலைவியா இருக்கிறீங்க, ஒரு வார்த்த சொல்லுங்க. வூட்ல ஒக்காந்து ஒக்காந்து அழுவுது.”

“நீ கவலப்படாத சவுரி. நான் மேடம்கிட்ட சொல்றேன்.”

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகவும் செய்தாள். புனிதா மேடம் எதிரில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். “பொண்ணுங்க பாத்ரூம்ல பைப்பு ஒழுவுது மேடம், பாருங்க” என்றாள். எழுந்து வந்துவிட்டாள். திரும்பி நடந்து வரும்போது தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இருந்தும் திரும்பிப் போகவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நடந்தாள். இப்படியே ரெண்டு வாரம் ‘நாளைக்கு’ போயிற்று.

சவுரியம்மாள் மறுபடி கேட்டாள். “சொன்னீங்களா அஸ்வினிம்மா?”

“சொன்னேன் சவுரி. மேடம் ஒத்துக்கல. ரூல்சு இன்னா இன்னாவோ சொல்றாங்க. நான் எவ்ளோவோ கெஞ்சிப் பாத்துட்டேன்.”

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! ஒரு தடங்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை. ‘சொல்கிறேன்’ என்று சொல்லிச் சொல்லிச் சொல்லாமலிருந்த வாய், சொல்லாததைச் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தது. சவுரியம்மாள் பெருமூச்சு விட்டாள். “நீங்க எங்களுக்காவ அங்க போய் நின்னீங்களே, அதுவே பெருசு” என்றாள். அதைக் கேட்டபோது கவிதாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

செல்வி சும்மா இருக்கவில்லை. வற்றிப்போன ஏரிக்குள் ஒரு இடத்தைக் கொத்திக் கிளறி, வீடு கட்டுகிற இடத்தில் சிந்தின மணலைக் கேட்டு வாங்கிக் கூடையில் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினாள். ஒருநாள் கவிதா மொபெட்டில் ஏரிக்கரை மேல் போகும்போது பார்த்தாள். பலகைக்குப் பதிலாகத் தன் ரெண்டு செருப்பையும் ஜோடியாக வைத்திருந்தாள். ஓடி வந்தாள், செருப்பின் பக்கத்தில் எங்கேயோ ஊன்றி எழும்பினாள். அம்மாடி, என்ன தாண்டு! மண் தெறிக்க விழுந்தாள், எழுந்து தட்டிவிட்டு மறுபடி ஓடினாள். கவிதா மொபெட்டை நிறுத்தவில்லை. ‘எங்க பழகினா இன்னா, நல்லாத்தான் தாண்டுது’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனாள். வீடு வரைக்கும் அந்தச் சமாதானம் கூட வரவில்லை.

செல்வி கேட்டிலிருந்து திரும்பிப் போன ஆறாவது வாரம் தேர்வு நாள் வந்தது. விழுப்புரத்தில் மைதானத்துக்குள் பெற்றவர்களை விடவில்லை. மதில் ஓரம் பூவரச மரத்தடியில் அம்மாமார்கள் கூட்டம். சவுரியம்மாள் கவிதாவைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விடியற்காலையே மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னாள். பையிலிருந்து தக்காளி சாதம் எடுத்து, ஒரு பொட்டலத்தைக் கவிதாவிடம் நீட்டினாள்.

“சாப்டுங்க. மூஞ்சியே வாடிக் கெடக்குது. அஸ்வினி நல்லா செய்யும். செல்விக்குத்தான் அந்த மேடம் மனசு வெக்கல. நீங்க சொல்லிப் பாத்தீங்க, உங்கள இன்னா கொற சொல்றது?”

கவிதா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பசித்தது. ஒரு கவளம்கூட எடுக்க முடியவில்லை.

மத்தியானம் அஸ்வினி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். சவுரியம்மாளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அம்மாவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். “ஓட்டத்துல செல்விதாம்மா எங்க பேட்ச்ல ஃபர்ஸ்ட்டு. லாங் ஜம்ப்ல மூணு சான்ஸ். மொத ஜம்ப்ல யாரும் தாண்டாத தூரம் தாண்டினா. சேப்புக் கொடி காட்டிட்டாங்க. பலகைய மிதிச்சுக் கால் வெளிய போய்ட்ச்சு. ரெண்டாவதும் அதே. அங்க நின்ன லேடி இன்ஸ்பெக்டரே ஐயோன்னாங்க. மூணாவது தடவ பயந்துக்கினு பலகைக்கு ரொம்பப் பின்னாலயே எழும்பிட்டா. பாஸாகற தூரத்துக்கு நாலு விரல் கொறஞ்சிட்ச்சு.”

செல்வி வெளியே வந்தபோது அழவில்லை. அம்மாவின் எதிரில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். “பலகைம்மா” என்றாள். “பலகைல எப்டிக் கால் வெக்கணும்னே எனக்கு மறந்துபோச்சு. ஏரியில செருப்பத்தான வெச்சிருந்தேன். செருப்ப மிதிச்சா யாரு கொடி காட்டப் போறாங்க?”

சவுரியம்மாள் மகளின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கவிதா மதில் பக்கம் திரும்பி நின்றாள். நான்தான், நான்தான் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

சில மாசத்தில் பட்டியல் வந்தது. அஸ்வினியின் பெயர் இருந்தது. வேங்கடேசன் லட்டு வாங்கிக்கொண்டு வந்து தெரு முழுக்கக் கொடுத்தான். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அஸ்வினி தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். “நீ நெஜமாவே மேடம்கிட்ட கேட்டியாம்மா?”

“கேட்டேன்டி. எத்தினி தடவ சொல்றது?” பெற்ற மகளிடமும் பொய். அஸ்வினி அதற்கப்புறம் கேட்கவில்லை.

அந்த மாதக் கூட்டத்துக்குச் சவுரியம்மாள் கொல்லை வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். எல்லாரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு எழுந்து நின்றாள்.

“மேடம், எனக்கு ஒரே ஒரு கேள்வி. செல்வி உங்ககிட்டதான படிச்சுது? கப்பு வாங்கிக்கினு வந்தப்போ நீங்கதான கட்டிப் புடிச்சீங்க? கவிதாம்மா உங்ககிட்ட வந்து அவ்ளோ கெஞ்சினாங்களே, ஏன் மேடம் உள்ள உடமாட்டேன்னீங்க? நாங்க இன்னா பாட்டில் ஒடைக்கிற ஜனமா?”

புனிதா மேடம் முழித்தார். “யாரு கெஞ்சினாங்க? என்கிட்டயா?”

அறையில் இருந்த பதினைந்து பேரும் கவிதாவைப் பார்த்தார்கள். புனிதா மேடமும் பார்த்தார். அந்த அம்மாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் தயங்கி, மெல்லிய குரலில், “ஒருவேளை சொல்லியிருப்பாங்க, பரீட்சை நேரம்... நான்தான் மறந்துட்டேனோ என்னவோ” என்றார்.

தப்பித்துக்கொள்ள வாசல் அகலமாகத் திறந்துவிட்டிருந்தது. கவிதா ஒரு ‘ஆமாம்’ போட்டால் போதும். பழி ஏற்கெனவே அந்த மேடம் தலையில்தான் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டுப் போகும். ஒரு தப்பும் செய்யாத மனுஷி, யாரையோ காப்பாற்றுவதற்காகப் பழியை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கவிதா பார்த்தாள். அதற்கு மேல் தாங்கவில்லை.

“நீங்க மறக்கல மேடம்” என்றாள். “நான் கேக்கவே இல்ல. கேட்டேன்னு சவுரிகிட்ட பொய் சொன்னேன். ஊர்மக்கள்னு போடச் சொன்னதும் நான்தான். நீங்க கிராமம்னு போடுறேன்னீங்க, நான்தான் வேணாம்னேன். நான் சொல்லியிருந்தா அந்தப் பொண்ணுக்கு வேல கெடச்சிருக்கும். என் பொண்ணுக்குப் போட்டியா வந்துடுமோன்னு...” தலைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தேம்பித் தேம்பி அழுதாள்.

சவுரியம்மாள் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கவிதாவுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நின்றவள் நின்றபடியே அவளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். புனிதா மேடம் அங்கேயே புதுத் தீர்மானம் எழுதினார், ஊரும் காலனியும் சேர்ந்த கிராம மக்கள் அனைவரும் என்று. தாண்டவராயன் மறுநாள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “இப்ப சரி, தெளிவா இருக்குது” என்று கேட்டை விரியத் திறந்துவிட்டார். அவருக்கு எல்லாம் அவ்வளவுதான்.

சவுரியம்மாள் கொல்லைக்கு வருவதை நிறுத்தவில்லை. அடுத்த போகத்து மல்லாட்டை பிடுங்குகிற நேரம். வந்தாள், பிடுங்கினாள், ஆய்ந்தாள், போனாள். கேட்டால் பதில் சொன்னாள், கேட்காமல் எதுவும் பேசவில்லை. அஸ்வினிம்மா என்று கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. கவிதா தானாகவே ‘நீங்க’ போட்டு ஒருதரம் பேசிப் பார்த்தாள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அஸ்வினி பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கவிதா காலனிக்குப் போனாள். வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்து மூன்று வருஷத்தில் மாதா கோயில் வளைவைத் தாண்டி அவள் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. வீடு எது என்று கேட்டுக் கேட்டுப் போகவேண்டியிருந்தது. கொல்லையில் இத்தனை வருஷம் வேலை செய்தவளின் வீடு. கேட்கக் கேட்க வெட்கமாக இருந்தது.

சவுரியம்மாள் கோயிலிலிருந்து இன்னும் வரவில்லை. செல்விதான் இருந்தாள். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், அந்தக் கடை யூனிஃபாரம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டு, “ஒக்காருங்க ஆன்ட்டி” என்றாள்.

“தப்பு பண்ணிட்டேம்மா செல்வி.”

“அம்மா சொல்லிச்சு. கூட்டத்துல நீங்களே ஒத்துக்கினீங்களாமே.”

“அந்தப் போர்ட நான் வேணும்னு எழுதல கண்ணு. சத்தியமா எழுதல.”

“எழுதினது பரவால்ல ஆன்ட்டி. எங்கம்மாவே ஊருக்குப் போறேன்னுதான் சொல்லும். வாய்ல வர்றதுதான்.”

கவிதாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவசரமாகச் சொன்னாள். “இப்பத் தொறந்துட்டாங்க. நீ வா. அடுத்த செலக்‌ஷன் வரட்டும், நீ கண்டிப்பா...”

“அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும்தான ஆன்ட்டி? நான் அந்த நேரத்துல பொடவ மடிச்சிக்கினு இருப்பேன்.”

“காலையில தொறக்கச் சொல்லலாம். நான் போய்...”

செல்வி குறுக்கிட்டாள். கோபமாக இல்லை. சாதாரணமாகத்தான் பேசினாள்.

“அன்னிக்கி தாத்தா என்ன நீ ஊரான்னு கேட்டப்போ, நான் உள்ள உங்களப் பாத்தேன் ஆன்ட்டி. நீங்களும் என்னப் பாத்தீங்க. கூப்டுவீங்கன்னுதான் நின்னேன். நீங்க திரும்பிட்டீங்க.”

கவிதா கொடியில் தொங்கின யூனிஃபாரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அப்புறம் நீங்க மேடம்கிட்ட கெஞ்சினதா அம்மா வந்து சொல்லிச்சு. அது பொய்னு அப்பவே எனக்குத் தெரியும். நான் அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா மறுநாள் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அது உங்க கொல்லைக்கு வேலைக்கு வரும்?”